இல்லாதது இன்னும் வரவில்லை

லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்குப் பொத்தான்கள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. லிஃப்டுக்குள் கதவை மூடுவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை எத்தனை பேர் எத்தனை அவசரமாகக் குத்துகிறார்கள்! சில கட்டடங்களில் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் கம்பியே கிடையாது. கதவு தன் நேரத்துக்குத் தானாக மூடிக்கொள்ளும். குத்தினவர் தன்னால்தான் மூடியது என்ற திருப்தியோடு மேலே போவார். இருபத்திரண்டு வருடமாக இந்த வேடிக்கையைப் பார்த்துவரும் ஒருவர், அவரை நாமும் ஊரைப்போல லிஃப்ட்காரர் என்றே கூப்பிடலாம், புதுக் கார் வாங்கப் போனபோது சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தார். தனக்கு வேண்டியதை அதில் இரண்டே வரியில் எழுதியிருந்தார்.

ஓட வேண்டும்.

பேசக் கூடாது.

இரண்டாவது வரி மனைவிக்காக. அவருக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி. பத்து மணி நேரம் காதில் குரல்கள்தான். அழுகிற குரல், கத்துகிற குரல், வெறும் மூச்சு மட்டும் கேட்கிற குரல். அத்தனைக்கும் நடுவிலிருந்து ஒரு தெருப் பெயரையும் ஒரு வீட்டு எண்ணையும் பிடுங்கி எடுத்து வண்டியை அனுப்ப வேண்டும். காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் லிஃப்ட்காரர் பழைய காரோடு நின்றுகொண்டிருப்பார். பின்சீட்டில் ஏறிச் சாய்ந்தால் முதல் சிக்னலிலேயே தூக்கம். வீட்டுக்கு நாற்பது நிமிடம். வீட்டை ஒட்டிப் பள்ளிக்கூடம், எட்டரைக்கு மணி அடித்தால் மாலை வரை ஒரே இரைச்சல். ஆனாலும் அவருக்குக் கவலையில்லை. "கார்ல தூக்கத்தோட நுனி கையில சிக்கிடுச்சுன்னா போதும். அப்புறம் பள்ளிக்கூடமே இடிஞ்சு விழுந்தாலும் எனக்குத் தெரியாது" என்பார்.

அந்தப் பழைய காரின் கியர்பெட்டி ஒரு நாள் கரகரவென்று எதையோ மென்று விழுங்கிவிட்டு நின்றுபோனது. அன்றிலிருந்து மனைவி பஸ்ஸில் நின்றபடி வருகிறார். பஸ்ஸிலும் தூக்கமில்லை, வீட்டிலும் தூக்கமில்லை. மூன்றாவது வாரம் தொலைபேசியில் ஒரு தெருப் பெயரை இன்னொரு தெருவாகக் கேட்டுவிட்டார். அழைத்தவரே திருத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன. மேற்பார்வையாளர் கூப்பிட்டுப் பேசினார்.

"இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னைப் பகல்ல ரிஜிஸ்டர் எழுத உட்கார வச்சுடுவாங்களாம்" என்றார் மனைவி, தண்ணீர்ப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்து. "அதுகூடப் பரவாயில்லைங்க. அடுத்த தடவை பேசுற ஆளு என்னைத் திருத்தலைன்னா?"

அன்று மாலையே லிஃப்ட்காரர் கார் ஷோரூமுக்குப் போனார்.

ஷோரூமில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட விற்பனை ஆலோசகர் எதைக் கேட்டாலும் "சூப்பர் சார்" என்றார். தண்ணீர் வேண்டாம் என்றாலும் சூப்பர், கழிவறை எங்கே என்றாலும் சூப்பர். எனவே நமக்கும் அவர் சூப்பர்தான். அவர் ஒரு வெள்ளைக் காரின் கதவைத் திறந்துவிட்டார். உள்ளிருந்து தேன் தடவிய ஒரு பெண்குரல் வந்தது.

"வாருங்கள். இன்று நீங்கள் பொலிவாக இருக்கிறீர்கள்."

லிஃப்ட்காரர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நெஞ்சில் கிரீஸ்.

"இதான் சார் தோழி" என்றார் சூப்பர். "நம்ம கம்பெனியோட பெருமை. பெல்ட் போடலைன்னா சொல்லும். மழை வந்தா சொல்லும். மழை நின்னாலும் சொல்லும். கார்ல ஆறு நிமிஷம் யாருமே பேசலைன்னா, 'எல்லாம் நலம்தானே?'ன்னு கேட்கும். யாராவது கண்ணை மூடினா மணி அடிக்கும்."

"டிரைவர் மூடினாத்தானே?"

"யார் மூடினாலும் சார். எங்க கம்பெனி பாகுபாடே பார்க்கிறதில்ல."

"இது இல்லாம ஒரு கார் வேணும்."

சூப்பர் வாயைத் திறந்தார். வழக்கமான சொல் வரவில்லை. கையிலிருந்த பலகைக் கணினியைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு வசதிக்கும் நேராக மூன்று கட்டங்கள் இருந்தன: வேண்டும், மிகவும் வேண்டும், பிறகு வேண்டும்.

"வேண்டாம்னு ஒண்ணு இருக்குமே?" என்று லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார்.

"முன்னாடி இருந்துச்சு சார். நிறைய பேர் அதையே தொட்டுட்டிருந்தாங்க. வாடிக்கையாளருக்குக் குழப்பமா இருக்குன்னு எடுத்துட்டாங்க."

"அதை எடுக்கத் தெரிஞ்சுதுல்ல, அதே மாதிரி இதையும் எடுக்கச் சொல்லுங்க."

"அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு சார். மூணாவது மாடி. சூப்பரா இருக்கும்."

லிஃப்ட்காரர் மற்ற கம்பெனிகளையும் விசாரிக்காமல் இல்லை. ஒன்றின் குரல் ஓட்டுநரைச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டது. இன்னொன்று பாடியது. இங்கேயாவது ஒரு பிரிவு இருக்கிறதே என்று இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் மூன்றாம் மாடிக்கு ஏறினார். லிஃப்டில் போகாமல் படியில் ஏறினார், ஏனென்றால் அந்த லிஃப்டின் ஒலியிலேயே அதன் கயிறு யாருடைய கையையும் கண்டு இரண்டு வருடமாகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நடைக்கோடியில் ஒரு கதவு. கதவில் பித்தளைப் பலகை. அதில் இரண்டு வரி: மேலே 'தலைவர்', கீழே 'இன்மை'.

சேர்த்துப் படித்தால் தலைவர் இன்மை. தலைவர் இல்லை என்பதை இவ்வளவு மரியாதையாகப் பித்தளையில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று வியந்தபடி லிஃப்ட்காரர் எதிர்ச்சுவரோரம் நின்றார். முக்கால் மணி நேரம் நின்றார். எட்டு மணிக்கெல்லாம் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கி, தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார் என்ற நினைப்பு குதிகாலைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு கோட்டு போட்ட ஒருவர் வெளியே வந்தார்.

"என்ன, அப்போதிலிருந்து நிக்கறீங்க? உள்ளே வரலாமே."

"தலைவர் இல்லைன்னு போட்டிருக்கே சார்."

"நான்தான் தலைவர்."

"அப்போ இன்மைன்னு…"

"அதுவும் நான்தான். இன்மைப் பிரிவு. உட்காருங்க."

இன்மைத் தலைவருக்குப் பேசுவது மூச்சு விடுவது மாதிரி. உண்மையில் மூச்சு விடுவதைவிட அதிகமாகவே பேசினார். "ஒரு கார்ல ஒண்ணைச் சேர்க்கறது பெரிய விஷயமே இல்லை. எவன் வேணா சேர்ப்பான். இல்லாம செய்யறதுதான் சார் தொழில்நுட்பம்! இல்லாததைச் சும்மா விட முடியுமா? அதையும் நாமதான் தயாரிக்கணும். வாங்க, காட்டறேன்."

கண்ணாடி அலமாரியிலிருந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வில்லையை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் இன்மை. எண் நாலாயிரத்துப் பன்னிரண்டு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதுவரை அந்த மனிதர் சொன்னதில் பைத்தியக்காரத்தனம் ஏதுமில்லை. காருக்குள் ஓடுகிற கம்பிகளையெல்லாம் தனித்தனியாக இழுப்பதில்லை. மொத்தமாகப் பின்னி, கிளை பிரித்து, ஒரு பெரிய வேர்க்கட்டு மாதிரி செய்து, கார் கூடாக இருக்கும்போதே உள்ளே படுக்கவைத்துவிடுவார்கள். குரல் உள்ள காருக்கு ஒரு பின்னல், இல்லாத காருக்கு ஒரு பின்னல் என்று வைத்தால் வேலை செய்கிறவர் என்றைக்காவது மாற்றி எடுத்துவிடுவார். அதனால் எல்லாம் உள்ள ஒரே பின்னலை எல்லாக் காருக்கும் போட்டுவிட்டு, வேண்டாம் என்றவர் காரில் பொத்தான் இருக்க வேண்டிய ஓட்டையை மட்டும் ஒரு மூடியால் அடைப்பார்கள். மூடிக்கு ஓர் அச்சு வேண்டும். அச்சுக்கு ஓர் எண் வேண்டும். எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஓர் அலமாரியும், அலமாரிக்கு ஓர் அதிகாரியும் வந்துவிடுவார்கள்.

லிஃப்ட்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வேலையிலயும் அதேதான் சார்! ஆறு மாடிக் கட்டடத்துக்கும் பத்து ஓட்டைப் பலகைதான் வரும். மிச்ச நாலு ஓட்டைக்கு மூடி. சின்னப் பசங்க அதை ஏழாவது மாடின்னு நினைச்சு அமுக்கிக்கிட்டே இருப்பாங்க."

இருவரும் நெடுநாள் பிரிந்திருந்த சொந்தக்காரர்கள் மாதிரி ஒரு நிமிடம் சிரித்தார்கள்.

"இதுவரைக்கும் எத்தனை கார்ல தோழியை எடுத்திருக்கீங்க சார்?"

"இந்தப் பிரிவு ஆரம்பிச்சு நாலு வருஷம். நாற்பத்தொரு பேர் வேலை செய்யறோம். எடுக்கறதுக்கான ஆயத்தம் தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு." தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நீங்கதான் முதல் வாடிக்கையாளர். உங்களுக்குக் கைகொடுக்கணும்."

கைகொடுத்தார். பிறகு ஒரு படப்புத்தகத்தை விரித்தார். தோழியைத் தனியாக எடுக்க முடியாது, அமைதித் தொகுப்போடு சேர்த்துத்தான் எடுக்க முடியும் என்றார். அமைதித் தொகுப்பில் முதுகு பிடித்துவிடும் இருக்கையும் கூரையில் நட்சத்திர விளக்கும் பதினோரு விதமான அமைதியும் இருந்தன. மழை அமைதி, காட்டு அமைதி, கடற்கரை அமைதி, நூலக அமைதி. ஒவ்வொன்றையும் தொட்டால் ஒலிபெருக்கியிலிருந்து அந்தந்த அமைதி சத்தமாகக் கேட்டது. நூலக அமைதியில் யாரோ இருமினார்.

"வெறும் அமைதி இருக்கா சார்?"

"வெறும் அமைதியைப் போன வருஷத்தோட நிறுத்திட்டோம். அதை யாரும் பயன்படுத்தினதாவே எங்க பதிவுல இல்லை. சத்தமே வரலையே, எப்படிப் பதிவாகும்?"

லிஃப்ட்காரர் இதில் உள்ள நியாயத்தை யோசித்துக்கொண்டிருந்தபோதே அடுத்த விதி வந்தது. அதன் பெயர் அறிந்து மறுத்தல். ஒரு வசதியைத் தெரியாமல் மறுப்பவர் பின்னால் வருந்தக்கூடும். ஆகவே மறுக்க விரும்புகிறவர் அதை ஏழு நாள் முழுமையாக அனுபவித்துவிட்டுத்தான் மறுக்கலாம். கம்பெனியே ஒரு வாரத்துக்குக் கார் தரும்.

அந்த ஏழு நாளை மனைவி பிற்பாடு வாழ்நாளில் குறிப்பிடவே விரும்பவில்லை.

முதல் நாள் காலை பின்சீட்டில் சாய்ந்தார். கண் மூடியது. மணி அடித்தது. "பின் இருக்கையில் கண்கள் மூடியுள்ளன. சற்று இளைப்பாறலாமே" என்றது தோழி.

"அதைத்தானடி பண்றேன்!" என்றார் மனைவி. பிறகு கணவரின் தலையைப் பின்னாலிருந்து முறைத்தார். "யாருங்க இவ? உங்கம்மாவை விட்டுப் பேச வச்சாங்களா?"

"அம்மா இவ்வளவு மரியாதையா பேச மாட்டாங்களே."

இரண்டாம் நாள் மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். தோழி இன்னும் அக்கறையாக, பின் இருக்கையில் இருப்பவருக்குக் கண்களே காணவில்லை என்று அறிவித்தது. மூன்றாம் நாள் லிஃப்ட்காரர் ஓரமாக நிறுத்தி, ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தைப் படித்தார். ஒவ்வொரு ஃப்யூஸும் எதைக் காக்கிறது என்பதைப் பார்த்தாலே ஒரு கம்பெனிக்கு எது முக்கியம் என்று தெரிந்துவிடும். பதினேழாம் ஃப்யூஸில் இப்படி இருந்தது: குரல், பிரேக் விளக்கு, மழைத் துடைப்பான். தோழியை நிறுத்தினால் பின்னால் வருகிறவனுக்கு நாம் நிற்பது தெரியாது. இதை யோசித்து வைத்தவன் கெட்டிக்காரன்தான் என்று மனதுக்குள் ஒரு சலாம் போட்டு மூடியை மூடினார்.

நான்காம் நாள் இருவரும் ஆறு நிமிடம் பேசாமல் இருந்தார்கள். "வெகுநேரமாக யாரும் பேசவில்லை. எல்லாம் நலம்தானே?" என்றது தோழி.

அரைத்தூக்கத்தில் இருந்த மனைவி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, காதில் இல்லாத கருவியைக் கையால் பிடித்தார். "ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை, சொல்லுங்க. எந்தத் தெரு?"

"அருகில் நான்கு தெருக்கள் உள்ளன" என்றது தோழி.

"எந்தத் தெருன்னு சரியா சொல்லுங்க! அழாம சொல்லுங்க!"

லிஃப்ட்காரர் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் அவர் தோளைப் பிடித்தார். விழித்துப் பார்த்த மனைவி காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க" என்றார். அதன் பிறகு வீடு வரை இருவரும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தார்கள், தோழி பேசிவிடக் கூடாதென்று.

எட்டாம் நாள் லிஃப்ட்காரர் அறிந்து மறுத்தார். சூப்பர் பலகைக் கணினியை நீட்டினார். அதில் கடைசிக் கேள்வி: துணைக்குரலின் இடத்தில் உங்களுக்கு வேண்டியது என்ன?

லிஃப்ட்காரர் காலியாக விட்டார். கட்டம் சிவப்பானது.

"காலியா விட முடியாது சார். ஏதாவது எழுதுங்க."

'வேண்டாம்' என்று எழுதினார். மீண்டும் சிவப்பு.

"அந்த வார்த்தையை அது ஏத்துக்காது சார். வேற ஏதாவது."

மணி ஒன்பதரை. மனைவி வீட்டில் பள்ளிக்கூட இரைச்சலுக்குள் புரண்டுகொண்டிருப்பார். லிஃப்ட்காரர் காலை ஆட்டிக்கொண்டே 'ஒன்றும் இல்லை' என்று எழுதினார். கட்டம் பச்சையானது.

"சூப்பர் சார்!" என்றார் சூப்பர்.

அதன் பிறகு காத்திருப்பு. மூன்றாம் வாரம் சூப்பர் தொலைபேசியில் அழைத்தார். "வாழ்த்துகள் சார்! கார் வந்தாச்சு."

"எப்போ எடுத்துக்கலாம்?"

"கார் ரெடி சார். உங்க இல்லாததுதான் இன்னும் வரலை."

"இல்லாதது எப்படிங்க வரும்?"

"கப்பல்ல சார்."

ஐந்தாம் வாரம் இல்லாதது துறைமுகத்தில் இருந்தது. பெட்டியைத் திறந்து சோதித்த அதிகாரி, உள்ளே என்ன என்று கேட்டு, இன்மை என்ற பதிலில் சந்தேகப்பட்டு நிறுத்திவைத்திருந்தார். ஆறாம் வாரம் இல்லாதது வந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில். காருக்குள் கறுப்பு. நிறம் மாறிய இல்லாதது கண்ணில் உறுத்தும் என்று தலைவரே திருப்பி அனுப்பினார். ஏழாம் வாரம் சூப்பர் மிகவும் தாழ்ந்த குரலில் பேசினார். "ஒரு சின்னச் சிக்கல் சார். இல்லாதது இப்போ ஸ்டாக்ல இல்லை."

"ஸ்டாக்ல இல்லைன்னா அதுதானேங்க எனக்கு வேணும்!"

"அப்படி இல்லை சார். இது வேற இல்லை."

லிஃப்ட்காரர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, வீட்டுக்குள் நான்கு சுற்று நடந்தார். மனைவி கட்டிலில் விழித்தபடி அந்த நடையை எண்ணிக்கொண்டிருந்தார். இதற்குள் மேற்பார்வையாளர் ஒரு தேதியும் குறித்துவிட்டார்: அன்று இரவு முழுக்கப் பக்கத்தில் அமர்ந்து அவருடைய ஒவ்வொரு அழைப்பையும் கேட்பார். அதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு அந்த நாற்காலி.

ஒருவழியாகக் கறுப்பு நிற இல்லாதது வந்து சேர்ந்து, கார் ஒப்படைப்பு அதே தேதியில் காலையில் அமைந்தது. ஏழு மணிக்குப் பணி முடிந்த மனைவி, இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கு நேராகவே ஷோரூமுக்கு வந்துவிட்டார். கண்கள் இரண்டும் சிவந்து, தடித்து, வேறு யாருடையவோ போல இருந்தன.

கண்ணாடி மண்டபத்தின் நடுவே ஒரு மேடை. அதன்மேல் பட்டுத்துணி போர்த்திய கார். கம்பெனியின் முதல் இன்மை என்பதால் தலைவரே மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"வாடிக்கையாளர் வேணும்னு சொன்னா தலைவணங்கறோம். வேணாம்னு சொன்னா அதைவிட அதிகமா தலைவணங்கறோம். அதுக்காக நாற்பத்தொரு பேர் ஏழு வாரம் ராப்பகலா தலைவணங்கியிருக்கோம். இந்தக் கார்ல ஒண்ணு குறையுது. அதுக்காகக் கூடுதலா பணம் வாங்கியிருக்கோம். அதுதான் எங்க நேர்மை!"

சூப்பர் கைதட்டினார். துணி விலகியது. தலைவர் உள்ளே கையை விட்டுப் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. ஓர் ஆண்குரல், கனிவாக, ஆழமாக, மருத்துவர் நோயாளியின் வீட்டாரிடம் பேசுவது போலச் சொன்னது:

"ஒன்றும் இல்லை."

சூப்பர் மறுபடியும் கைதட்டினார்.

"இது என்ன சார்?" என்றார் லிஃப்ட்காரர்.

"தோழியோட இடத்துல நீங்க கேட்டது" என்றார் தலைவர் பெருமையாக. "நீங்க எழுதினதை அச்சு பிசகாம அப்படியே சொல்ல வச்சிருக்கோம். பெல்ட் போடலைன்னாலும் ஒன்றும் இல்லை. மழை வந்தாலும் ஒன்றும் இல்லை. கண்ணை மூடினா மணி அடிச்சு, ஒன்றும் இல்லை."

"குரலே வேணாம்னுதான் சார் எழுதினேன்!"

"இது குரல் இல்லை சார், இன்மை. குரலுக்குப் பொறுப்பு வேற பிரிவு. அவங்க கலைஞர் வேற, எங்க கலைஞர் வேற."

"எண் நாலாயிரத்துப் பன்னிரண்டு எங்கே? அந்த மூடி?"

"போட்டிருக்கோமே!" தலைவர் காரை அணைத்துவிட்டுக் காட்டினார். குரலை நிறுத்தும் பொத்தான் இருக்கவேண்டிய ஓட்டையில், கறுப்பு நிறத்தில், இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது அந்த மூடி.

அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதத்தை முழுவதும் எழுதினால் படிக்கிறவருக்கும் தலைவலி வரும். லிஃப்ட்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொது இடத்தில் குரலை உயர்த்தினார். தலைவர் விதிகளை எடுத்து வாசித்தார். சூப்பர் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சூப்பர் சொன்னார். மனைவி அவர்களைக் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கால் கடுக்கிறதே என்று காரின் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் மனைவி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு காலில், ஒன்று கீழே. மாதக்கணக்காக நெற்றியில் இருந்த சுருக்கத்தைக் காணவில்லை. அணைத்து வைத்த கார், கதவு நன்றாகச் சாத்தியிருந்தது, உள்ளே எந்தக் குரலும் இல்லை. இந்தக் கம்பெனி நல்ல கதவு செய்கிறது என்பதை மறுக்க முடியாது.

"பத்தரைக்கு அடுத்த ஒப்படைப்பு" என்றார் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து. "பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். மேடை காலியாகணும். சூப்பர், ஸ்டார்ட் பண்ணுங்க."

தலைவரும்கூட அந்த ஆலோசகரைச் சூப்பர் என்றுதான் கூப்பிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. சூப்பர் கதவை நோக்கிக் கை நீட்டினார். லிஃப்ட்காரர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். லிஃப்ட் கயிற்றைப் பிடித்துப் பழகிய கை அது.

"ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்றார் மெல்ல.

"அப்போ கார் எப்படி நகரும்?" என்று தலைவரும், ஏனென்று தெரியாமலே, மெல்லக் கேட்டார்.

"உள்ளே எப்படி வந்துச்சு?"

தலைவருக்குத் தெரியவில்லை. சூப்பருக்குத் தெரியும். கண்ணாடி மண்டபத்துக்குள் எஞ்சினை ஓட்டினால் புகை சூழும் என்பதால் எல்லாக் காரையும் தள்ளித்தான் கொண்டுவருவார்கள். தொழிற்சாலையிலிருந்து கிளம்பும் கார் லாரியிலும் கப்பலிலும் பல முறை தள்ளப்படும். அதனால் அதன் ஸ்டியரிங் பூட்டு ஒப்படைப்பு முடிந்து அதிகாரி ஒரு கட்டளை கொடுக்கும் வரை விழாது. கியரை விடுவிக்க, முன்னிருக்கைகளின் நடுவே ஒரு சின்ன மூடிக்குக் கீழே ஒரு நெம்புகோல் உண்டு. லிஃப்டிலும் இதே ஏற்பாடுதான், மின்சாரம் போனால் பிரேக்கைக் கையால் விடுவித்து ஆட்களை இறக்குவதற்கு. லிஃப்ட்காரர் முன்கதவை ஒரு விரற்கடை திறந்து, கையை நுழைத்து, பார்க்காமலே அந்த நெம்புகோலைக் கண்டுபிடித்தார்.

"தெருக்கோடியில ஒரு மரம் இருக்கு. அந்த நிழல் வரைக்கும் தள்ளினா போதும்."

"வாடிக்கையாளர் காரைத் தள்ள எங்க விதியில இடமில்லையே" என்று கிசுகிசுத்தார் தலைவர்.

"தள்ளக் கூடாதுன்னு இருக்கா?"

தலைவர் யோசித்தார். கூடாது என்ற சொல்லே அந்தக் கம்பெனியின் எந்த விதியிலும் இல்லை. பத்தேகால் ஆகிவிட்டது. அடுத்த வாடிக்கையாளர் குடும்பத்தோடு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார். தலைவர் கோட்டைக் கழற்றி மடித்துக் காரின் கூரையில் வைத்தார்.

லிஃப்ட்காரர் ஓட்டுநர் பக்கம் நடந்தபடி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, சூப்பரும் தலைவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். மேடையின் சறுக்குப் பலகையில் அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். வாசலில் அடுத்த வாடிக்கையாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். சூப்பர் உதட்டில் விரல் வைத்தார். தெருவுக்கு வந்தாயிற்று. பின்னால் ஒரு வேன்காரர் ஒலிப்பானை அமுக்கப் போனவர், கண்ணாடி வழியே தூங்குகிற முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். வேனும் நடைவேகத்தில் பின்தொடர்ந்தது.

பாதித் தெருவுக்கு மேல் ஏற்றம். பார்த்தால் தெரியாத ஏற்றம்தான், தள்ளினால் தெரியும். தலைவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எவ்வளவு… நேரம்… தூங்குவாங்க?"

"விட்டா சாயங்காலம் வரைக்கும். ராத்திரி அவங்க காது தெளிவா இருக்கணும் சார். ஒரு தெருப் பேர் தப்பாக் கேட்டா அங்கே ஒரு உயிர் போயிடும்."

இதைக் கேட்டுத் தலைவர் நிமிர்ந்தார். அந்த நிமிர்வைப் பார்த்தால் உரை ஒன்று வருகிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மனித உயிரின் மதிப்பைப் பற்றியும் அதில் கம்பெனியின் பங்கைப் பற்றியும் கட்டாயம் நிறைய இருந்திருக்கும். வாயைத் திறந்தார். காற்று உள்ளே போனது, சொல் வெளியே வரவில்லை. இன்னொரு முறை திறந்தார். ஏற்றம் விடவில்லை. வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

நான்கு வருடத்தில் அந்தப் பிரிவிலிருந்து வெளிவந்த முதல் இன்மை அந்த உரைதான்.

பின்சீட்டில் மனைவி மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.